நாற்பது நிமிடம் வாயிலிருந்த வரி

பூட்டுக்காரர் என்று அவருக்குப் பேர் வைத்தவருக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஆளை எடை போடத் தெரிந்தவர். மனிதர் பூட்டுக் கடை ஒன்றும் வைத்திருக்கவில்லை. கம்ப்யூட்டர்களுக்கு என்ன பாதுகாப்பு வேண்டும் என்று முடிவு செய்து எழுதிக் கொடுப்பவர். ஓர் அலுவலகத்துக்குப் போவார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார், மேலதிகாரி முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "இந்தக் கம்ப்யூட்டர்ல எது நடக்கவே கூடாது?" வந்த பதில்களைச் சலித்து எடுத்துக் கடைசியில் நான்கைந்து பக்கத்துக்கு ஒரு தாள் தயாரிப்பார். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: பாதுகாப்பு நோக்கங்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பூட்டும் சாவியும் மாட்டுவார்கள். தாள் தப்பானால் மாட்டுகிற அத்தனை பூட்டும் தப்பு.

இருபத்தாறு வருஷமாக இதுவே பிழைப்பு என்பதால் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். "இன்னொரு தடவை இழுத்தீங்கன்னா கதவு கையோட வந்துடும், வாங்க" என்பாள் மனைவி. அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நான்காவது தடவை இழுத்துவிட்டுத்தான் படி இறங்குவார்.

அப்படிப்பட்டவரை வெள்ளக் கட்டுப்பாட்டு அலுவலகம் கூப்பிட்டது. ஊருக்கு மேலே ஓர் அணை, ஊருக்கு நடுவே ஆறு. ஆற்றங்கரையில் தாழ்வாக ஒரு தெரு; கீழ்த்தெரு என்பார்கள். அணையில் மதகைத் திறக்க வேண்டி வந்தால் தண்ணீர் முதலில் புகுவது அங்கேதான். அதனால் ஆறு கம்பங்களில் சைரனும் ஒலிபெருக்கியும் கட்டி வைத்திருந்தார்கள். சைரன் கேட்டால் தெருவே படியேறி மேட்டுக்கு ஓட வேண்டும். அந்தச் சைரன் ஏழு மாதம் முன்பு, வெயில் பளீரென்று அடித்த ஒரு காலையில், சும்மாவே நாற்பது நிமிடம் அலறியது. வெளியூரிலிருந்து எவனோ ஒரு புண்ணியவான் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து விளையாடியிருக்கிறான். ஆள் இன்றுவரை அகப்படவில்லை. கோப்பில் அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. கடைசி வரி: 'ஒரு முதியவர் உயிரிழந்தார்.' பூட்டுக்காரர் அதைப் படித்தார், ஓரத்தில் ஒரு டிக் போட்டார், அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"இரும்புப் பெட்டி மாதிரி பூட்டிடுங்க சார்" என்றார் மேலதிகாரி. "நானே நினைச்சாலும் திறக்க முடியக் கூடாது. மூணு வாரத்துல தாள் வேணும். மழைக்காலத்துக்குள்ள வேலை முடியணும்."

கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? நம்மவர் உற்சாகமாக எழுதித் தள்ளிவிட்டார். சைரனை யாரும் தனியாக அமுக்க முடியாது. இரண்டு அதிகாரிகள் ஒப்புக்கொள்ள வேண்டும். இருவருக்கும் ஃபோனில் தனித்தனியாக எண் வரும். எண்ணை ஐந்து தடவை தப்பாகப் போட்டால் அரை மணி நேரம் திறக்காது. அலுவலகத்தில் எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது, எல்லோரும் சொன்னது ஒன்றே: "பொய்யா சைரன் அடிக்கக் கூடாது." மிச்சம் இருந்தது மூன்றாம் மாடியில் சைரன் அறை மட்டும். அங்கே இருக்கிற அம்மாவிடமும் பேருக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தாளை மூடிவிடலாம் என்று மாடி ஏறினார்.

சின்ன அறை. ஒரு இரும்பு மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர். பக்கத்தில் அணைக்கு நேராகப் போகிற சிவப்பு டெலிஃபோன். தூக்கினாலே அந்தப் பக்கம் மணி அடிக்கும். மணிக்கொரு தடவை நீர்மட்டம் எழுதுகிற தடித்த நோட்டு. மூலையில் பழைய ஒலிபெருக்கிப் பெட்டி, அதில் வளைந்த கழுத்துள்ள மைக். சுவரில் சிவப்பு எழுத்தில் ஒட்டிய காகிதம்: 'மேலதிகாரி அனுமதியின்றி மைக்கைத் தொடக் கூடாது.' ஜன்னலோரம் பழைய திரைச்சீலையை வெட்டித் தைத்த மெத்தை போட்ட நாற்காலி. அதில் சைரன் அக்கா.

ஊருக்கே அவள் சைரன் அக்காதான். நாற்பத்தாறு வயது. தட்டச்சு வேலைக்கு வந்தவளை ஒரு மழைக்காலத்தில் இரண்டு நாளைக்கு என்று அந்த அறையில் உட்கார வைத்தார்கள். அந்த இரண்டு நாள் இருபத்தோரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலைக்குப் போய், குரல் கட்டைக் குரல் என்று திருப்பி அனுப்பப்பட்டவள். அதைத் தானே சொல்லிச் சிரிப்பாள். கணவர் பஸ் ஓட்டுகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அம்மா கூப்பிட்டால் தெருக்கோடி வரை கேட்கும் என்று சத்தியம் செய்வாள். மாதத்தின் முதல் திங்கள், சரியாகப் பதினோரு மணிக்கு எட்டு நொடி சைரனை ஒலித்துப் பார்ப்பது அவள் வேலை. ஊரில் பாதிப் பேர் அதை வைத்துத்தான் கடிகாரத்தைத் திருத்துவார்கள்.

"வாங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். ஸ்டூல்ல உக்காருங்க."

"பரவாயில்லக்கா, ரெண்டே நிமிஷம்தான்."

"என்னைவிட ஆறு வயசாவது பெரியவரா இருப்பீங்க. நீங்களும் அக்காவா? சரி, ஆகட்டும். கேளுங்க."

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இந்தக் கம்ப்யூட்டர்ல எது நடக்கவே கூடாது?"

மற்றவர்களெல்லாம் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னவர்கள். இவள் பேனாவை மூடினாள். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். "கம்ப்யூட்டர்லயா கேக்கறீங்க, தெருவிலயா சார்?"

"என்ன வித்தியாசம்?"

"தெருவிலன்னா ஒண்ணே ஒண்ணுதான். தண்ணி வர்றப்போ கீழ ஒருத்தர்கூட இருக்கக் கூடாது. மத்ததெல்லாம் அப்புறம்."

பூட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. எழுதி முடித்த நான்கு பக்கத்தில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"உங்க பூட்டைப் பத்தி கீழ பேசிக்கிட்டாங்க" என்றாள் அவள். "நல்ல பூட்டுதான். திறக்க எத்தனை நிமிஷம் ஆகும்?"

"நிமிஷமா? ஒண்ணு, ஒண்ணரை ஆகும்."

"பார்த்துடலாமா?"

பார்த்தார்கள். சைரனை இணைக்காமல், வெறும் ஒத்திகை. பட்டப்பகல், மழை இல்லை, மின்சாரம் இருக்கிறது, அதிகாரிகள் இருவரும் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். இதைவிடச் சௌகரியமான நாள் கிடைக்காது. முதல் அதிகாரி பாத்ரூமில் இருந்தார். இரண்டாமவரின் ஃபோன் காரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதை எடுக்க ஓடியவர் கார்ச் சாவியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். எண் வந்தபோது முதலாமவருக்குக் கண்ணாடி அகப்படவில்லை. மூன்று தடவை தப்பாகப் போட்டார், நான்காவது தடவை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்பது நிமிடம் நாற்பது நொடி. சைரன் அக்கா சிரித்திருந்தால்கூட அவருக்குத் தேவலை என்றிருக்கும். அவள் சிரிக்கவில்லை. நோட்டின் ஓரத்தில் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

"அணையிலேர்ந்து ஃபோன் வந்தா, தண்ணி கீழ்த்தெருவுக்கு வர இருபத்தஞ்சு நிமிஷம் சார். தெருவோட கடைசி வீட்லேர்ந்து மேட்டு உச்சிக்கு ஏறப் பதினேழு நிமிஷம். வீட்டை விட்டு வெளிய வர அஞ்சு. அடுப்பை அணைக்கணும், பிள்ளையைத் தூக்கணும், எதையாவது மறந்துட்டுத் திரும்பி ஓடுவாங்க, மனுஷங்கதானே. மீதி எவ்வளவு?"

"மூணு" என்றார் அவர். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலிருந்தது.

"அந்த மூணுதான் சார் நம்ம ரெண்டு பேருக்கும். அதுக்குள்ள சைரன் அடிச்சாகணும். உங்க பூட்டுக்கு ஒம்போதே முக்கால் குடுத்தா, கடைசி ஏழு நிமிஷத்தை யாரு கையிலேர்ந்து பிடுங்கறது? கடைசி வீட்டுக்காரங்க கையிலேர்ந்துதான்."

அடேயப்பா! இருபத்தாறு வருஷத்தில் எத்தனை வங்கி, எத்தனை ஆலை, எத்தனை படித்த மேதைகள். ஒருவர்கூட ஒரு நோக்கத்தை இப்படி நிமிடக் கணக்கில் பிட்டு வைத்ததில்லை. ஆனாலும் பூட்டுக்காரர் இலேசில் விட்டுக்கொடுப்பவரா? "பதினேழு நிமிஷம்னு யார் அளந்தது?" என்று கேட்டார்.

"நான்தான். எங்கம்மா நடையில. சந்தேகம்னா வாங்க, அவங்களே நடந்து காட்டுவாங்க."

அடுத்த நாள் சாயங்காலம் கீழ்த்தெருவின் கடைசி வீட்டு வாசலில் மூவரும் நின்றார்கள். அக்காவின் அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. இடது கையில் கைத்தடி, வலது கையில் வீட்டுச் சாவி. "தம்பி, கடிகாரம் உன் பொறுப்பு, காலு என் பொறுப்பு. நடுவுல பேச்சுக் குடுத்து என்னை நிறுத்தினே, கணக்குல கழிச்சுக்கணும்" என்று முதலிலேயே எச்சரித்துவிட்டு நடந்தாள். தெருவைக் கடக்கவே எட்டு நிமிடம். பிறகு படிகள், மொத்தம் தொண்ணூற்று நான்கு. ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். பேசாதே என்று சொன்னவள்தான் வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தாள்: எந்தப் படி உடைந்தது, எந்தப் படியில் மழையில் வழுக்கும், நகராட்சிக்குக் கண் எங்கே இருக்கிறது.

அறுபத்தோராவது படியில் நின்றாள். கைத்தடியால் அதைத் தட்டினாள்.

"இங்கதான் தம்பி இவ அப்பா உக்காந்தார்."

பூட்டுக்காரருக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு நாப்பது நிமிஷம் கத்துச்சே, அன்னிக்கு. அவருக்கு முட்டி வலி உண்டு. கீழ சலூன் கடை வச்சிருந்தார், அதனால நாளெல்லாம் நிக்கற காலு. சைரன் கேட்டதும் ஏறினோம். மேல போய்ப் பார்த்தா ஆறு தேமேன்னு கிடக்கு. பொய்யின்னு சொல்லி எல்லாரும் இறங்கினாங்க, நாங்களும் இறங்கினோம். பாதி வழியில யாரோ, மதகு இப்பதான் திறந்திருக்கும், தண்ணி வர நேரமாகும்னு கத்தினாங்க. திரும்பி ஏறினோம். மறுபடி இறங்கினோம். சத்தம் மட்டும் நிக்கவே இல்ல. மூணாவது வாட்டி ஏறறப்போ இந்தப் படியில உக்காந்தார். எந்திரிக்கலை." அவள் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஏறுன்னா ஏறுன்னு சொல்லு, இறங்குன்னா இறங்குன்னு சொல்லு. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் இருந்திருப்பார். சரி, நட. கடிகாரம் ஓடுது."

ஒரு முதியவர் உயிரிழந்தார். டிக் போட்ட வரி. பூட்டுக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சைரன் அக்கா அவரைப் பார்க்கவில்லை. கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சிக்கு வந்தபோது கடிகாரம் பதினேழு நிமிடம் இருபது நொடி காட்டியது. நின்று பேசியதை முறைப்படி கழித்தால் பதினைந்தேதான் ஆகும். அவர் கழிக்கவில்லை. அந்தப் படியில் நிற்காமல் அந்த அம்மா எந்த நாளும் ஏறப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அவர் அக்காவிடம் மெல்லக் கேட்டார். "அப்படின்னா எல்லாரையும்விடப் பெரிய பூட்டு உங்களுக்குத்தானே வேணும்?"

"கோபத்துக்கு வேணும் சார். தெருவுக்கு வேணாம்."

பிறகு யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"முதல் நிமிஷத்துலயே எனக்குத் தெரியும் சார், அது பொய்யின்னு. அமுக்கறவ நான். நான் அமுக்கலை. சிவப்பு ஃபோனைத் தூக்கினேன், மதகு மூடியிருக்குன்னு அணையில சொல்லிட்டாங்க. நிறுத்தலாம்னு பார்த்தா கம்ப்யூட்டர் என் பாஸ்வேர்டை ஏத்துக்கலை, உள்ள வந்தவன் மாத்திட்டான். ஆனா அந்த மைக் இருக்கே, அது பழைய பெட்டி. கம்ப்யூட்டருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. பொத்தானை அமுக்கினா சைரன் தானா அடங்கும், என் குரல்தான் போகும். எட்டிப் பிடிக்கற தூரம்."

"பேசலையா?"

"அனுமதி கேட்டு ஃபோன் பண்ணினேன். கூட்டத்துல இருக்காங்க, இருங்கன்னாங்க. இருந்தேன். திரும்பக் கேட்டேன். இருங்கன்னாங்க. செவுத்துல சிவப்புல எழுதியிருக்கே, பார்த்தீங்கல்ல? ஒட்டிப் பதினாலு வருஷம் ஆச்சு. அத்தனை வருஷம் அந்தக் காகிதத்துக்குக் கீழயே உக்காந்தா, கை தானா நிக்குது சார். என்ன சொல்லணும்னு ஒரு வரி வாயில தயாரா இருந்துச்சு. நாப்பது நிமிஷமும் அது வாயிலயே இருந்துச்சு." அவள் குரல் இன்னும் கட்டையாகிவிட்டது. "எங்கப்பாவைச் சைரன் கொல்லலை. நான் பேசாம உக்காந்திருந்தேனே, அதுதான்."

அந்த வரி என்ன என்று அவர் கேட்கவில்லை. அப்பாவைப் பறிகொடுத்தவள், அதுவும் பொய்ச் சைரனுக்குப் பறிகொடுத்தவள், சைரனைப் பூட்டாதே என்கிறாள். தன் துக்கத்தை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, தெருவின் கடைசி வீட்டுக்கு எத்தனை நிமிடம் மிஞ்சும் என்று பார்க்கிறாள். இப்படி ஒரு மனசா என்று அவர் மலைத்துப் போனார். அன்று வீட்டுக்குப் போய் அந்த நான்கு பக்கத்தையும் கிழித்தார். மனைவி பதறிப்போய், உடம்புக்கு என்ன என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

புதுத் தாளுக்கு நான்கு நாள் பிடித்தது. தினமும் மூன்றாம் மாடிக்குப் போவார். அவர் ஒரு வாக்கியம் எழுதுவார், அவள் அதைத் தெருவில் நிறுத்திப் பார்ப்பாள். "அனுமதியற்ற அணுகல்னா என்ன சார்?" "வெளி ஆள் தொடக் கூடாதுன்னு அர்த்தம்." "அதை அப்படியே எழுதுங்களேன், காசா பணமா?" முடிவில் தாள் ஒரே பக்கமாகச் சுருங்கியது. அணையிலிருந்து செய்தி வந்த மூன்று நிமிடத்துக்குள் சைரன் ஒலித்தாக வேண்டும். அறையில் இருப்பவர் ஒருவரே போதும். அறைக்கு வெளியிலிருந்து, எந்தக் கம்பி வழியாகவும், யாராலும் அதைத் தொட முடியக் கூடாது. யார் எப்போது அமுக்கினாலும் அது அழிக்க முடியாமல் பதிவாக வேண்டும். கடைசியாகத்தான் அவள் சொன்னது: சைரன் பொய்யாக ஒலித்தால், ஒரு நிமிடத்துக்குள் ஒரு மனிதக் குரல் அது பொய் என்று தெருவுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சொன்னவருக்குத் தண்டனையும் கூடாது.

இந்தக் கடைசி வரி தேறுமா தேறாதா என்பதுதான் பிரச்சினை. மேலதிகாரி கையெழுத்துப் போடாவிட்டால் இரும்புப் பெட்டிதான். கூட்டத்துக்கு முந்தின இரவு பூட்டுக்காரர் கதவை இழுத்துப் பார்க்கவே மறந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலதிகாரி தாளைப் படித்துவிட்டு மேசைமேல் போட்டார். "என்ன சார் இது? பூட்டச் சொன்னா கதவைத் திறந்து வச்சிருக்கீங்க? ஒரே ஆள் அமுக்கலாம்னா நாளைக்கு யார் பொறுப்பு?"

"நான்தான் சார்" என்றது கட்டைக் குரல்.

"ஏம்மா, மறுபடியும் பொய்யா அடிச்சா?"

"அடிக்கும் சார்."

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதுகாப்புக்காகக் கூடிய கூட்டத்தில் இப்படி ஒரு பதிலை யாரும் கேட்டதில்லை. பூட்டுக்காரரும்தான்.

"மிஷின்தானே சார், எவ்வளவு பூட்டினாலும் என்னிக்காவது ஒரு நாள் அடிக்கும். அடிக்காதுன்னு எழுதி வச்சுக்கிட்டு இருந்ததாலதான், அடிச்சா என்ன பண்றதுன்னு அன்னிக்கு யாருக்கும் தெரியலை. எனக்கும் தெரியலை."

"அதுக்காக? அனுமதி இல்லாம மைக்ல யார் வேணும்னாலும் பேசறதா? அவசரத்துல தப்பாப் பேசிட்டா?"

"தப்பாப் பேசினா என்னை வேலையை விட்டு அனுப்புங்க சார். அன்னிக்கு நான் அனுமதிக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். நாப்பது நிமிஷம். அறுபத்தோராவது படியில உக்காந்தது எங்கப்பா."

அன்று கூட்டத்தில் இருந்துகொண்டு ஃபோனுக்கு வராதவர் யார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவள் சொல்லவில்லை. அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வாய்ச்சண்டை வந்திருக்கும், மேலதிகாரி தன்னைக் காத்துக்கொள்ளப் பேசியிருப்பார், தாள் கிடப்பில் போயிருக்கும். அவள் தன் தவறை மட்டும் மேசையில் வைத்தாள். மேலதிகாரி தாளைக் கையில் எடுத்துக் கடைசி வரியை மறுபடி படித்தார். பிறகு பேனாவை எடுத்தார். மறுநாள் காலை மனிதர் மூன்று மாடி ஏறி வந்து, சுவரிலிருந்த சிவப்பு எழுத்துக் காகிதத்தைத் தன் நகத்தாலேயே சுரண்டி எடுத்தார் என்று கேள்வி. அவரையும் குறைத்துச் சொல்லக் கூடாது.

பதினோரு மாதம் கழித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க பூட்டுக்காரர் மறுபடி அந்த ஊருக்கு வந்தார். காலை ஒன்பதரை. அலுவலகம் திறக்கும் முன்பு முகம் மழித்துக்கொள்ளலாம் என்று படிக்கட்டின் அடியில் இருந்த சலூனுக்குள் நுழைந்தார். அக்காவின் அப்பா வைத்திருந்த கடை. இப்போது வேறொருவர் நடத்துகிறார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை இருந்தபோது சைரன் கிளம்பியது.

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் யாரும் நின்று யோசிக்கவில்லை. கடைக்காரர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார். பாதி நுரையோடு, கழுத்தில் துண்டோடு, பூட்டுக்காரரும் ஓடினார். அந்தச் சத்தத்தை அவர் தாளில் நூறு தடவை எழுதியிருக்கிறார், பக்கத்தில் நின்று கேட்டது இல்லை. கும்பல் தள்ளத்தான் நாலு படி ஏறினார். பின்னால் குழந்தைகள் அழுதார்கள். ஒருத்தி திரும்பி வீட்டுக்கு ஓட, இன்னொருவர் அவளைக் கையைப் பிடித்து இழுத்தார். கீழே சில வீடு தள்ளிக் கைத்தடி ஊன்றி ஒரு உருவம் வருவது தெரிந்தது. அக்காவின் அம்மா. அவர் கும்பலை எதிர்த்து இறங்கி அவளிடம் ஓடினார்.

அவள் கையைப் பிடித்த அந்த நொடியில் சைரன் அடங்கியது. கம்பத்திலிருந்து கரகரவென்று ஒரு கட்டைக் குரல் வந்தது.

"நான் சைரன் ரூம்லேர்ந்து பேசறேன். இது பொய்ச் சத்தம். மதகு மூடியிருக்கு, அணையில கேட்டுட்டேன். தண்ணி வரலை. ஓடாதீங்க."

பூட்டுக்காரரின் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. சைரன் கிளம்பி ஐம்பத்திரண்டு நொடி. சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு பல்லி போய் ஒட்டிக்கொண்டது என்று பிறகு தெரிந்தது. பல்லிக்கு எந்தப் பாஸ்வேர்டும் கணக்கில்லை. தெரு அப்படியே நின்றுவிட்டது. குரல் ஒரு கணம் தடுமாறி, மறுபடி வந்தது.

"படியில இருக்கறவங்க ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். இருக்கற இடத்துலயே உக்காருங்க. முட்டி வலிக்கறவங்க காலை நீட்டிக்கோங்க. மூச்சு வாங்கிக்கோங்க, ஒண்ணும் அவசரம் இல்லை. நான் இங்கதான் இருக்கேன்."

அவர் கேட்காமல் விட்ட வரி இதுதான். மேலே படிக்கட்டு முழுக்க ஆட்கள் சொன்னபடி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள், சலூன்காரர் உட்பட. அக்காவின் அம்மா கம்பத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். கையிலிருந்த வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சொல்லிட்டா தம்பி" என்றாள். "சொல்லிட்டா."

அவர் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஒரு வாசற்படியில் உட்கார வைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார். கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. கம்பத்திலிருந்து அந்தக் கட்டைக் குரல் மறுபடியும் முதலிலிருந்து, நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தது.